யாருடைய அறையின் வெப்பநிலை?

கலிபிரேற்றர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை விரித்தால், எவ்வளவு நேரம் கெடாமல் நிற்கும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கரைத்த பிறகு 15 முதல் 25 பாகையில் 8 மணித்தியாலம், 2 முதல் 8 பாகையில் 2 நாள், உறைய வைத்தால் 4 கிழமை, அதுவும் ஒரே ஒரு தடவை. கம்பனிக்குக் கம்பனி நாட்கணக்கு மாறும். அந்த 15 முதல் 25 மட்டும் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அறை வெப்பநிலை.

எங்கள் லாப் மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது. சுவரில் தொங்கும் வெப்பமானி காலை எட்டு மணிக்கே 29 காட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பதினொரு மணிக்கு 33. ஏசி ஒன்று இருக்கிறது, கரண்ட் இருக்கும்போது ஓடும். இருபத்திரண்டு வருடமாக இரத்தம் சோதிக்கிற வேலை செய்கிறேன். அந்தத் தாளில் எழுதியிருக்கிற அறைக்குள் நான் நின்று வேலை செய்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

லாபுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கலிபிரேற்றர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தத்துக்கு இரத்தம் கொடுக்கிறீர்கள். மெஷினுக்குச் சீனி என்றால் என்னவென்று தெரியாது. இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரான சீரத்தோடு நாங்கள் மருந்தைக் கலக்கும்போது ஒரு நிறம் வரும். அந்த நிறத்தினூடாக எவ்வளவு வெளிச்சம் கடந்து போகிறது என்று மட்டும்தான் அது பார்க்கும். அதனால் காலையில் முதலில், அளவு தெரிந்த ஒரு கரைசலை அதற்குக் காட்டுகிறோம். இதில் சீனி 100 இருக்கிறது, இந்த நிறம் வந்தால் 100 என்று எடுத்துக்கொள் என்கிறோம். அதற்குப் பிறகு அன்று முழுக்க வருகிற எல்லாருடைய இரத்தத்தையும் அந்த ஒரு நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் மெஷின் எண் சொல்கிறது.

சந்தையில் மீன் நிறுக்கிற படிக்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோக் கல் தேய்ந்து 900 கிராம் ஆகிவிட்டது. கல்லின் முகத்தில் இன்னமும் ஒரு கிலோ என்றுதான் பொறித்திருக்கிறது. 900 கிராம் பாரை மீனை வைத்தால் தராசு சமமாக நிற்கும், ஒரு கிலோ என்று காசு வாங்குவார்கள். கல் இளைக்க இளைக்க மீன் கனக்கும். கலிபிரேற்றரும் அப்படித்தான். குப்பிக்குள் சத்துக் குறைந்தால் நோயாளியின் எண் கூடும். மூடி திறந்து கிடந்து தண்ணீர் ஆவியாகி அது தடித்தால் நோயாளியின் எண் குறையும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு மனதில் பதிய ஒரு மாதமாவது ஆகும். எனக்கும் அவ்வளவு நாள் ஆனது.

நான் சொல்ல வந்தது ஒரு காலையைப் பற்றி.

அன்று வழமைபோல ஆறே முக்காலுக்குக் கலிபிரேற்றர் குப்பியையும் கொன்ட்ரோல் குப்பியையும் திறந்து காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டோம். கொன்ட்ரோல் என்பது, மெஷின் சொல்கிற எண் சரியா என்று பார்க்க நோயாளியின் இரத்தம்போலவே சோதிக்கிற, அளவு தெரிந்த இன்னொரு கரைசல். இரண்டும் உறைகுளிரில் உலர்த்திய தூளாக வருபவை. அளந்து தண்ணீர் விட்டு, மூடி, அரை மணித்தியாலம் ஆடாமல் வைக்க வேண்டும். பிறகு நுரை வராமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும். கூட வேலை செய்த தங்கச்சி, மேசை முழுக்கச் சாம்பிள் ரியூப்கள் இருந்தபடியால், இரண்டு குப்பிகளையும் ஒரு ரேக்கில் வைத்து ஜன்னல் கட்டில் வைத்தாள். ஜன்னல் கிழக்குப் பக்கம். கடலுக்கு மேலே ஏறி வருகிற வெயில் தடையில்லாமல் விழுகிற ஜன்னல். அங்கே வைக்காதே என்று நான் அதற்கு முன் ஒரு நாளும் அவளுக்குச் சொல்லவில்லை. அதனால் அந்தப் பிழை என்னுடையது.

அன்று மூன்று கைக்குழந்தைகள் வந்தன. ஒரு பிள்ளைக்கு ஐந்து நாள். மண்டூர்ப் பக்கத்திலிருந்து குருமண்வெளித் துறைக்குப் படகுப்பாதையில் கடந்து, அம்மம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைக்குக் கண்ணில் மஞ்சள். குதிக்காலில் குத்தி, சொட்டுச் சொட்டாக எடுத்தோம். அந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் 15.4 என்று வந்தது. கொன்ட்ரோல் பார்த்தேன், நடுக்கோட்டை ஒட்டி நின்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வைத்தியர் போன் எடுத்தார். "மிஸ், இந்தப் பிள்ளையைப் பார்த்தால் பதினைஞ்சு என்று சொல்ல எனக்கு மனம் வருகுதில்லை. காலடி வரைக்கும் மஞ்சள் இறங்கேல்ல. இன்னொருக்காப் பார்க்கிறீங்களா?"

அம்மம்மா ரிப்போர்ட்டோடு திரும்ப எங்களிடமே வந்து வாங்கில் இருந்தார். "என்ன புள்ள, இன்னொருக்காக் குத்தப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை அம்மா, எடுத்த இரத்தம் இருக்கிறது என்றேன். நல்ல காலம், மிச்சச் சீரத்தைப் பிரிட்ஜுக்குள் இருட்டில் வைத்திருந்தோம்.

திரும்பச் சோதித்தேன். 15.3. கொன்ட்ரோலைத் திரும்பப் போட்டேன், அதுவும் சரி. மருந்துக் குப்பியின் திகதி சரி, கண்ணாடிக் கூடு சுத்தம், மெஷினின் விளக்கு சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது வைத்தியரின் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்ற நிலை. ஆனால் அவர் முப்பது வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். அவர் கண்ணைச் சந்தேகப்பட எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் நாள் வந்த ஒரு பெரிய ஆளின் சீரம் பிரிட்ஜில் இருந்தது, செங்கமாரிக்காரர். நேற்று அவருக்கு 6.0. அதை எடுத்துப் போட்டேன். 7.5 என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றுக்குள் குளிர்ந்தது. ரியூபுக்குள் இருட்டில் கிடந்த சீரத்தில் பிலிரூபின் ஒரு இரவில் ஏற வழியே இல்லை. நோயாளி மாறவில்லை, படிக்கல் இளைத்திருக்கிறது.

அப்போதுதான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். காலையில் குப்பிகளை எடுத்த வெறும் ரேக் அங்கேயே இருந்தது.

கலிபிரேற்றரும் கொன்ட்ரோலும் ஒரே நேரத்தில் கரைத்து, ஒரே ரேக்கில், ஒரே வெயிலில் நின்றவை. இரண்டிலும் பிலிரூபின் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு போன கலிபிரேற்றரை வைத்து ஐந்தில் ஒரு பங்கு போன கொன்ட்ரோலை அளந்தால் சரியான எண்தான் வரும். அளவுகோலும் சாட்சியும் சேர்ந்து சுருங்கியிருக்கின்றன. அந்த வெயிலில் நிற்காதவை பிள்ளைகளின் இரத்தங்கள் மட்டும்தான், அவைதான் கூடிக் காட்டின. 12.3 ஐ 0.8 ஆல் பிரித்தால் 15.4. புதிய குப்பி ஒன்றைத் திறந்து, கரைத்து, அலுமாரிக்குள் அரை மணித்தியாலம் வைத்துத் திரும்பவும் போட்டேன். பிள்ளைக்கு 12.3. செங்கமாரிக்காரருக்கு 6.0.

மற்ற இரண்டு குழந்தைகளின் வீடுகளுக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன். ஒரு பிள்ளையை நீல வெளிச்சத்தில் போடுவதற்கு வாட்டில் சேர்த்திருந்தார்கள். பிறந்து எத்தனை மணித்தியாலம் என்பதை வைத்து எந்த எண்ணில் வெளிச்சத்தில் போடுவது, எந்த எண்ணில் இரத்தம் மாற்றுவது என்று வைத்தியர்கள் ஒரு வரைபைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த வரைபில் 12க்கும் 15க்கும் நடுவில் ஒரு தாயின் எத்தனையோ இரவு கிடக்கிறது. வாட்டில் சேர்த்த அந்தப் பிள்ளையின் தாய் பேசிய குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. "அப்ப புள்ளைக்குப் பயமில்லையா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தையின் மஞ்சளை வெயில் குறைக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லா அம்மம்மாவும் சொல்வதுதான், பிள்ளையை இளவெயிலில் காட்டு என்பார்கள். வைத்தியம் அதைக் கண்டுகொண்ட கதையில் ஒரு இரத்த ரியூபும் இருக்கிறது. 1956ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ரொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வோர்ட் என்ற தாதிச் சகோதரி, குறைமாதப் பிள்ளைகளை வெயிலுக்கு முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு பிள்ளையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளிறியும் இருப்பதை வைத்தியர்களுக்குக் காட்டினார். பிறகு அதே இடத்தில், வெயில் படுகிற ஜன்னலோரம் மறந்து விட்ட ஒரு இரத்த மாதிரியில் பிலிரூபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. கிரேமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் மூவரும் 1958ல் இதை எழுதி வெளியிட்டார்கள். இன்று வாட்டில் எரிகிற நீல விளக்கு அங்கிருந்து வந்தது. வெளிச்சம் பட்டால் பிலிரூபின் மூலக்கூறின் வடிவமே திரும்பிவிடும். பிள்ளையின் உடம்பு அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும். குப்பிக்குள் அது போவதற்கு இடமில்லை, சிதைந்துகொண்டே போகும். நேரடி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிவரைகூடப் போகலாம். பிள்ளையைக் குணமாக்குகிற அதே வெயில்தான் எங்கள் அளவுகோலைத் தின்றது.

அந்தக் காலைக்குப் பிறகு இந்தச் சின்னக் குப்பிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். இருபது பேர் ஒரு வீட்டில் இருப்பதுபோல ஒரு குப்பிக்குள் இருபது பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கு ஆகாது. ஆறு மாதம் திரவமாகவே கெடாமல் இருக்க வேண்டும் என்றால் அத்தனை பேரையும் சமாதானமாக வைத்திருக்க வேண்டும். அதைச் செய்கிறவர்களின் வேலை எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் விளங்கியது.

கிரியேற்றினினை எடுங்கள். சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது இதில்தான். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களைப் பிடித்திருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே 1.2க்கும் 1.5க்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனிதனின் மிச்ச வாழ்க்கை. கிரியேற்றினின் வெறும் தண்ணீரில் கிடந்தால் மெல்ல மெல்லக் கிரியேற்றின் என்ற வேறு பொருளாக மாறும். காரமான கரைசலில் இன்னும் மாறும். அமிலத்தில் அடங்கியிருக்கும். அதனால் கிரியேற்றினின் மட்டும் உள்ள அளவுக் கரைசலை (ஸ்டாண்டர்ட் என்போம்) மெல்லிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைப்பார்கள், அப்படி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் அதே அமிலத்தை எல்லாம் கலந்த குப்பியில் ஊற்றினால் நொதியங்கள் செத்துவிடும்.

யூரிக் அமிலம் வேறு விதம். தண்ணீரில் கரையவே மறுக்கும், லித்தியம் காபனேற் போட்டுச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். யூரியாவுக்கு எதிரி கிருமி. பல பக்ரீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதியம் இருக்கிறது, ஒரு கிருமி உள்ளே விழுந்து பெருகினால் யூரியாவைத் தின்று அமோனியாவாக்கிவிடும். அதற்காகச் சோடியம் அசைட் சேர்க்கிறார்கள். ஆனால் சீனி, கொலஸ்ட்ரோல், யூரிக் அமிலம் மூன்றையும் நிறமாக்குகிற பேரொக்சிடேஸ் நொதியத்தை அந்த அசைட்டே முடக்கக் கூடியது. அளவோடு நின்றால் தீங்கில்லை, மிஞ்சினால் சோதனையே கெடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் லாப்களில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு. அசைட் கலந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றினால் ஈயக் குழாயிலும் செப்புக் குழாயிலும் வெடிக்கக் கூடிய உப்பாகப் படியும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அல்கலைன் பொஸ்பேற்றேஸ் என்ற நொதியம் எல்லாருக்கும் எதிர்மாறாக நடக்கும். தூளைக் கரைத்த பிறகு அதன் வேகம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகும், வெப்பமான அறையில் இன்னும் விரைவாக. காலையில் கரைத்ததும் ஒரு எண், மத்தியானம் ஒரு எண். எல்.டி.எச் நொதியத்தின் ஈரல் வகைக்குக் குளிர் ஆகாது, உறைய வைத்தால் வலுவிழக்கும். எல்லாக் கரைசலையும் பிரிட்ஜில் வைத்தால் பத்திரம் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

குணம் கெட்ட பொருளை அடக்க முடியாவிட்டால் அதற்குப் பதிலாக அடக்கமான ஒன்றை வைத்துவிடுவதும் உண்டு. ட்ரைகிளிசரைட் ஸ்டாண்டர்ட் என்று எழுதிய பல குப்பிகளுக்குள் கொழுப்பே இல்லை, கிளிசரோல் கரைசல்தான் இருக்கிறது. சோதனை கடைசியில் அளப்பது கிளிசரோலைத்தான் என்பதால் அது செல்லும். பிலிரூபினிலும், ஈரல் பதப்படுத்திய வகைக்குப் பதிலாக டைரோரோபிலிரூபின் என்று ஒன்றைச் செய்து போடுகிறார்கள், தண்ணீரில் நன்றாகக் கரையும்.

சீனிக்கு வரும்போது எனக்கு எங்கள் சேர் நினைவுக்கு வருவார். அவரிடம்தான் நான் தொழில் பழகினேன். யுத்த காலத்தில் பாதை பூட்டினால் கொழும்பிலிருந்து சோதனைக் கிட் வராது. அவர் ஸ்டாண்டர்டைக் கையால் செய்வார். உலர்ந்த குளுக்கோசைத் தராசில் நிறுத்து, ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் பென்சோயிக் அமிலம் கரைத்த தண்ணீரில் போடுவார். பூஞ்சணமும் கிருமியும் பிடிக்காமல் இருக்கத்தான் அந்த அமிலம். செய்து முடித்ததும் போத்தலில் திகதி எழுதி மூடிவிடுவார். "இண்டைக்குக் கரைச்சதை நாளைக்குத்தான் தொட வேணும்" என்பார். ஏன் சேர் என்று கேட்டால், "அது உறங்கி எழும்ப வேணும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

பல வருடம் கழித்துக் காரணத்தை வாசித்தபோது அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, அவர் அப்போது இல்லை. குளுக்கோசுக்கு இரண்டு உருவம், அல்பா, பீற்றா. உலர்ந்த தூளில் பெரும்பாலும் அல்பா. தண்ணீரில் விழுந்த பிறகு மெல்ல மெல்ல ஒன்று மற்றதாக மாறி, அல்பா 36 வீதம், பீற்றா 64 வீதம் என்று ஒரு சமநிலைக்கு வரும். குளுக்கோஸ் ஒக்சிடேஸ் நொதியம் பீற்றாவைத்தான் பிடிக்கும். கரைத்த கையோடு எடுத்தால் பீற்றா குறைவு, நிறம் குறைவு, அதை வைத்து அளந்தால் ஊரில் உள்ள எல்லாருக்கும் சீனி கூடிவிடும். இரண்டு மணித்தியாலம் விட்டாலே போதும். சேர் ஒரு இரவு விட்டார். இப்போது வருகிற பல கிட்களில் இந்த மாற்றத்தை விரைவாக்குகிற நொதியம் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் கையால் ஸ்டாண்டர்ட் கரைக்க நேர்ந்தால் நான் ஒரு இரவு விட்டுத்தான் எடுப்பேன்.

தூளாக வருவதில் உள்ள பெரிய சங்கடம் தண்ணீரும் கையும். 3 மில்லிலீற்றர் விட வேண்டிய இடத்தில் 3.1 விட்டால் குப்பிக்குள் இருக்கிற இருபது பேரும் ஒருமிக்க 3 வீதம் இளைத்துவிடுவார்கள், அன்றைய நோயாளிகள் எல்லாரும் 3 வீதம் கூடுவார்கள். கரைக்கிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு லாபில், எந்த லாப் என்று சொல்ல மாட்டேன், வாகனக் கடையில் வாங்கிய பெற்றரித் தண்ணீரால் கரைப்பதைக் கண்ணால் கண்டேன். கல்சியம் ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்று என்னிடம் கேட்டார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிணறு வெட்டுகிற ஊரில் தண்ணீரின் உப்பை நம்பி விளையாடக் கூடாது. அந்தப் போத்தலைக் காட்டி முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

இந்த இரண்டு பிழைக்கும் இடமில்லாதது திரவமாகவே வருகிற கலிபிரேற்றர். மூடியைத் திறந்து எடுத்துப் போடலாம். தூளாக்கி உலர்த்தும்போது கொழுப்புப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கரைத்த பிறகு கலங்கலாக நிற்கும். திரவத்தில் அதுவும் இல்லை. அதைக் கெடாமல் வைக்க எத்திலீன் கிளைக்கோல் சேர்ப்பது ஒரு பழைய வழி. குளிர் நாடுகளில் காரின் ரேடியேற்றரில் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுகிற அதே பொருள். போதிய அளவு சேர்த்தால் சைபருக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும். உறைந்து உருகும்போது புரதம் படுகிற பாடு இல்லை. தண்ணீரைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்வதால் கிருமிக்கும் நொதியச் சிதைவுக்கும் கை கட்டியதுபோல் ஆகிவிடும். கிளிசரோலும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் அதைப் போட்டால் ட்ரைகிளிசரைட் சோதனை பாழ். கிளைக்கோல் கலந்தது தடித்திருக்கும். பைப்பெற்றின் நுனியில் ஒட்டும், மெல்ல உறிஞ்சி மெல்ல விட வேண்டும். அவசரக்காரர்களின் கையில் அதுவே பிழையாகிவிடும்.

இப்படியெல்லாம் செய்து, 37 பாகையிலும் அதற்கு மேலும் கிழமைக்கணக்கில் வைத்துச் சோதித்து, வெப்பம் கூடக் கூட எவ்வளவு விரைவாகக் கெடுகிறது என்று கணக்குப் போட்டு, பிறகு உண்மையான காலத்துக்கும் குளிரில் வைத்துப் பார்த்துத்தான் கம்பனிகள் திகதி போடுகின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். பத்துப் பாகை கூடினால் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இரசாயனம் படித்த எல்லாருக்கும் தெரிந்த பொதுக் கணக்கு. அவர்களுடைய 23 பாகை அறையில் 8 மணித்தியாலம் நிற்பது என்னுடைய 33 பாகை அறையில் 4 மணித்தியாலம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தாளில் 8 என்று இருக்கிறதே என்று யாராவது சொன்னால் வெப்பமானியைக் காட்டுவேன்.

திகதி போட்ட பெட்டி என்னிடம் வந்து சேர்கிற வழியும் இருக்கிறது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பொதியோடு வரும். விடியப்புறம் இறக்குவார்கள். யாராவது போய் எடுக்கும்வரை பஸ் கந்தோர் வாசலில் கிடக்கும். ஒரு தடவை திறந்தபோது ஐஸ் பொதி என் உள்ளங்கையைவிடச் சூடாக இருந்தது. திருப்பி அனுப்பினேன். அனுப்பியவர்களுக்குக் கோபம். அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்து அனுப்பச் சொன்னேன், இரண்டு தடவை வைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது நானே விடியப்புறம் போய் நிற்கிறேன்.

2022ஐ மறக்க முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் வாங்க வரிசை. கிட்டின் விலை மூன்று மடங்காகி, பிறகு பணம் கொடுத்தாலும் இல்லை என்ற நிலை. அப்போது ஒவ்வொரு சொட்டுக் கலிபிரேற்றரும் தங்கம். கரைத்த 3 மில்லிலீற்றரை முந்நூறு முந்நூறு மைக்ரோலீற்றராகச் சின்ன ரியூப்களில் பிரித்து, வெள்ளித்தாள் சுற்றி, உறைபெட்டியின் அடியில் புதைத்து வைத்தோம். ஒரு நாளைக்கு ஒன்று எடுத்து, உருக்கி, கலக்கி, மிச்சத்தை ஊற்றிவிடுவோம். திரும்ப உறைய வைப்பதில்லை. உருகும்போது தண்ணீர் மேலேயும் உப்பும் புரதமும் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும், கலக்காமல் எடுத்தால் மேல் சொட்டுக்கும் கீழ்ச் சொட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

நாங்கள் வீட்டுக்குப் போன இரவில் கரண்ட் போய், உருகி, வந்து, திரும்ப உறைந்திருந்தால் எப்படித் தெரியும்? ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்தேன். காலையில் குற்றி மேலேயே இருந்தால் உருகவில்லை. பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருந்தால் உருகி உறைந்திருக்கிறது. ஏப்ரலில் ஒரு காலை குற்றி கோப்பையின் அடியில் கிடந்தது. ஒன்பது ரியூப் மிச்சம் இருந்தது. அத்தனையையும் கொட்டினேன். கொட்டும்போது முதலாளி பக்கத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியாக இருக்கிறேன். அந்தக் கிழமை பிலிரூபின் சோதனை எங்களிடம் இல்லை என்று வாசலில் எழுதி ஒட்டினோம்.

கலிபிரேற்றர் வைக்கிற பிரிட்ஜ் தானாகப் பனி உருக்குகிற வகையாக இருக்கக் கூடாது என்பதும் அப்போது பட்டுத் தெரிந்ததுதான். பனியை உருக்க அது உள்ளே அடிக்கடி சூடேற்றும், சின்ன ரியூப்கள் அதில் பாதி உருகிப் பாதி உறைந்துகொண்டே இருக்கும்.

இப்போது எங்கள் லாபில் கலிபிரேற்றர் ஒரு கம்பனி, கொன்ட்ரோல் வேறு கம்பனி. இரண்டையும் ஒரே ரேக்கில் வைப்பதில்லை, ஒரே நேரத்தில் கரைப்பதுமில்லை. கரைத்ததை அலுமாரிக்குள்தான் வைக்கிறோம். கிழக்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாயிற்று. அதோடு, நோயாளிகளின் மீந்த சீரத்தைச் சேர்த்து, வடித்து, சின்னச் சின்னதாக உறைய வைத்து, காலையில் அதிலும் ஒன்றைச் சோதிக்கிறோம். கம்பனிக் கரைசலோடு சேர்ந்து கெடாத மூன்றாவது சாட்சி அது. கொன்ட்ரோல் எண்ணை ஒவ்வொரு நாளும் புள்ளியாக வைத்துப் பார்க்க லெவியும் ஜென்னிங்சும் 1950ல் தொழிற்சாலைகளிலிருந்து லாபுக்குக் கொண்டுவந்த வரைபை நாங்கள் இன்னும் சதுரத்தாளில் கையால்தான் போடுகிறோம். கணினியில் போடலாம். ஆனால் பென்சிலால் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி வைக்கும்போது, பத்துப் புள்ளி தொடர்ந்து கோட்டுக்கு ஒரே பக்கம் நிற்பது கையிலேயே தெரிந்துவிடும். தங்கச்சிதான் இப்போது அந்தப் புள்ளிகளை வைக்கிறாள். போன மாதம் ஏழாவது புள்ளியிலேயே, "அக்கா, இது ஏறுது" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மெஷினில் வைத்த கொன்ட்ரோல் கிண்ணத்துக்கு மூடியில்லை. நூறில் ஐந்து பங்கு ஆவியானாலே 140 சோடியம் 147 ஆகிவிடும். அவள் பத்து வரும்வரை காத்திருக்கவில்லை.

புதிதாக ஒரு திரவக் கலிபிரேற்றர் வாங்கியிருக்கிறோம், கரைக்கத் தேவையில்லாதது. தாளில் திறந்த பிறகு 30 நாள் என்று போட்டிருக்கிறது. எங்கள் பிரிட்ஜில், எங்கள் கரண்டில், ஒரு நாளைக்கு ஆறு தடவை கதவு திறக்கிற இடத்தில் அது எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். திறந்த அன்றே பன்னிரண்டு ரியூப்களில் பிரித்தேன். ஆறுக்கு வெள்ளித்தாள், ஆறுக்கு இல்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு சோடி எடுத்து, புதிதாகத் திறந்த குப்பியோடு ஒப்பிட்டு எழுதுகிறோம். இன்று ஒன்பதாம் நாள். சீனி, யூரியா, கிரியேற்றினின் மூன்றும் அசையவில்லை. வெள்ளித்தாள் சுற்றாத ரியூபில் பிலிரூபின் இறங்கத் தொடங்கியிருக்கிறது, சுற்றியதில் இல்லை. அடுத்த சோடியை வெள்ளிக்கிழமை காலை எடுக்க வேண்டும்.